கவுண்டரில் பெயர் கேட்டதும் திக்குவது ஏன்?



வீட்டில் தம்பியோடு சரளமாகச் சண்டை போடுகிற ஒருவர், தாலுகா ஆபீஸ் கவுண்டரில் "பேர் சொல்லுங்க" என்றதும் திணறுகிறார். பின்னால் நீளமான வரிசை. "பயந்த சுபாவம், அதான் திக்குது" என்று பார்க்கிறவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அப்படி இல்லைங்க.

திக்குவாய் பயத்தால் வருவதில்லை. மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பெரியவர்களில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பயம் பிறகுதான் வந்து சேருகிறது. ஒரு கேலி, ஒரு "சீக்கிரம் சொல்லுப்பா" போதும். அடுத்த தடவை வாயைத் திறப்பதற்கு முன்பே உடம்பு இறுகும், திக்கல் கூடும். அதே ஆள் பாடும்போதும் தனியாகப் பேசும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை.

சரி, பெயரில் ஏன் அதிகம் சிக்குகிறது? "தண்ணீர்" வராவிட்டால் "குடிக்கக் கொடுங்க" என்று சமாளிக்கலாம். சொந்தப் பேரை எப்படி மாற்றுவது?

இப்போது கையில் போன் இருக்கிறது. சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பலாம். நல்ல வசதி, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பேசப் பயந்தே ஒவ்வொரு அழைப்பையும் தவிர்த்தால் அந்த நேரத்துக்கு நிம்மதி, பயம் மட்டும் வளரும். வாரத்துக்கு ஒரு அழைப்பாவது நீங்களே பேசுங்கள். "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், மறைக்கிற பாரம் பாதி இறங்கிவிடும்.

கவுண்டருக்கு உள்ளே இருப்பவர்களும், வரிசையில் நிற்பவர்களும் கேளுங்கள். அவர் வார்த்தையை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். "மூச்சை இழுத்துவிட்டு மெதுவா பேசுங்க" என்ற அறிவுரையும் வேண்டாம். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள், சில வினாடிகள்தான்.

நாக்கில் வசம்பு தேய்ப்பதாலோ, வாயில் கூழாங்கல் போடுவதாலோ திக்கல் போகாது. சின்ன வயதில் திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். 6 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பிள்ளை பேசவே தயங்கினாலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்ப் பேச்சுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். பெரியவர்களும் போகலாம். பயமே பெரிய தொல்லையாக இருந்தால், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.