வீட்டுக்குள் போவதும் திறன்தான்

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் பி.எஸ்சி. நர்சிங் படிப்பைத் திறன் அடிப்படைக்கு மாற்றியது. 10 அடிப்படைத் திறன்களை வகுத்தது. முதல் செமஸ்டர் சமூகவியலில் சாதி ஒரு பாடம். ஐந்திலும் ஏழிலும் சமூக சுகாதாரம். மாணவி பையோடு வீடு வீடாகப் போக வேண்டும். செய்தித்தாள் விரித்து, பையை வைத்து, கை கழுவி, பிறகே கருவியை எடுக்க வேண்டும். இவை மதிப்பெண்ணுக்கு உரியவை.

வில்லியனூரிலும் பாகூரிலும் ஊர் வேறு, சேரி வேறு. சேரி வீட்டுக்குள் போனாரா, வாசலிலேயே குறிப்பெடுத்துத் திரும்பினாரா? இதற்கும் மதிப்பெண் வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் சேரிப் பெண்கள். தலித் மாணவியை ஊர்த்தெரு வாசலில் நிறுத்தினால், குறைய வேண்டியது அவர் மதிப்பெண் அல்ல. அது தீண்டாமை, கல்லூரி புகார் கொடுக்க வேண்டும்.