சீன ஊசி: செய்வதும் செய்யாததும்

(மாதர் அணி சுகாதார வகுப்பில் ஆற்றிய உரை)



கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கும் நமக்கு முதுகுவலியும் முழங்கால் வலியும் புதிதல்ல. தைலம், ஒத்தடம், மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டு, "டவுனில் சீன ஊசி போடுகிறார்களாம், போகலாமா?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். நாட்சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன், அந்த ஊசி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

சீன மருத்துவம் சொல்வது இது. உடலில் 'சீ' என்னும் உயிராற்றல் 12 முக்கிய பாதைகளில் ஓடுகிறது. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் தேங்குவதுபோல, அந்த ஓட்டம் தடைப்பட்டால் வலி வரும், நோய் வரும். பாதையிலுள்ள புள்ளிகளில் ஊசி குத்தினால் அடைப்பு நீங்கும். இப்படிப்பட்ட புள்ளிகள் 361 உண்டு. முழங்காலுக்குக் கீழே, வெளிப்புறமாக உள்ள ஒன்றின் பெயர் 'கால் மூன்று லீ'. லீ என்பது சீனர்களின் தூர அளவு, சுமார் அரை கிலோமீற்றர். அங்கே குத்தினால் களைத்த கால் இன்னும் மூன்று லீ நடக்குமாம்.

இது மருந்து ஏற்றும் ஊசியல்ல, முடிபோல மெல்லியது. குத்திய இடம் பாரமாக, மரத்ததுபோல இருந்தால், ஊசி வேலை செய்கிறது என்பார்கள் சீன வைத்தியர்கள்.

இன்றைய விஞ்ஞானம் என்ன சொல்கிறது? 'சீ' ஓடும் பாதைகளை உடலை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டதில்லை. ஆனால் ஊசி நரம்புகளைத் தூண்டுகிறது. வலியைத் தணிக்கும் 'எண்டோர்பின்' என்ற பொருளை உடலே சுரக்கிறது. ஜெர்மனியில் இடுப்புவலியுள்ள 1162 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. ஆறு மாதத்தின் பின், சரியான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 100க்கு 48 பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகப் போட்டவர்களில் 44 பேருக்கு. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27 பேருக்கு. ஆகவே கிடைத்த சுகம் பொய்யல்ல. ஆனால் எந்தப் புள்ளி என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. நம்பிக்கைக்கும் அக்கறையான கவனிப்புக்கும் அதில் பங்குண்டு.

1971இல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு பெய்ஜிங்கில் குடல்வால் நோய் வந்தது. வழக்கமான மரப்பு மருந்து கொடுத்தே ஆபரேஷன் செய்தார்கள். அதன்பின் வந்த வயிற்று வேதனைக்குத்தான் ஊசி குத்தினார்கள், வேதனை தணிந்தது. அவர் அதைப் பத்திரிகையில் எழுதினார். ஊசியின் புகழ் மேற்கு நாடுகளில் பரவியது. கவனியுங்கள்: நோயை அகற்றியது கத்தி, வேதனையைத் தணித்தது ஊசி.

ஆகவே நெஞ்சுவலி, காய்ச்சலோடு முதுகுவலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடக்கமுடியாமை இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஊசிக்குப் போனால், உறை பிரிக்காத புதிய ஊசியா என்று பார்ப்போம். எத்தனை தடவை வரவேண்டும், மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்போம். கர்ப்பிணியானாலும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானாலும் அதை முன்கூட்டியே சொல்வோம். சீனி வியாதி, பிரஷர் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுவோம்.

ஊசி வலியைத் தணிக்கலாம். கூடையின் பாரத்தைக் குறைக்காது, உடைந்த படிகளைக் கட்டாது. அவற்றைத் தலைவியிடம் சொல்லுங்கள், கூட்டத்தில் எழுப்புங்கள். நிர்வாகத்திடம் பேசிப் பெறவேண்டியவை அவை. அதற்குத்தான் சங்கம் இருக்கிறது.