எனக்குப் பிடித்தது டால்டா கிரீம்

(ராயகிரியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு கேக் என்றால் பேக்கரி கண்ணாடிப் பெட்டிக்குள் ரோஸ் நிறத்தில் பூப்போட்டு இருக்குமே, அந்த கேக்தான். அதன் மேலே இருக்கும் கிரீம் பாலிலிருந்து எடுத்தது அல்ல. வனஸ்பதியையும் சர்க்கரைப் பொடியையும் போட்டு நுரைக்க அடித்தது. அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். தெரிந்துதான் தின்கிறேன், பிடித்துத்தான் தின்கிறேன்.

நான் இங்கே ராயகிரியில் பள்ளியில் படித்தபோது, ராஜபாளையம் போய்த் திரும்பும் அப்பா எப்போதாவது அரைக் கிலோ கேக் வாங்கி வருவார். பூ இருக்கிற துண்டு யாருக்கு என்று வீட்டில் சண்டையே நடக்கும். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, என் பிறந்தநாளுக்கு அதே மாதிரி கேக்கை அலுவலகத்துக்கு வாங்கிப் போனேன். உடன் வேலை பார்த்த நண்பர் கிரீமை வழித்துத் தட்டின் ஓரத்தில் தள்ளிவிட்டுச் சொன்னார்: "டால்டாவா? எங்க வீட்ல சின்ன வயசுலேருந்தே வெண்ணெய் காய்ச்சின நெய்தான். இதெல்லாம் நம்ம நாக்குக்கு ஒத்துக்காதுப்பா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருக்குப் பிடிக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. நாக்கு அவரவர் சொந்தம். ஆனால் அவர் பேசியது நாக்கைப் பற்றி அல்ல, வீட்டைப் பற்றி. எங்கள் பாட்டி வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தொழுவத்தில் சாணி அள்ளினார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய மோரைத்தான் தூக்கி ஊற்றுவார்கள். அவர் நாக்குக்கு நெய் எப்படிப் பழகியிருக்கும்?

நெய் வெறும் பண்டமாக இருந்ததில்லை. 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் ஒரு நிகழ்வைச் சொல்கிறார். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா என்றொரு கிராமம். புனிதப் பயணம் போய்வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தம் மக்களுக்கு விருந்து வைத்தார். விருந்தில் நெய்யும் பரிமாறினார். நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து உணவைப் பாழாக்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். காசு அவருடையது, விருந்தும் அவருடையது. நெய் தங்கள் தகுதிக்கு மட்டுமே உரிய அடையாளம் என்று அடித்தவர்கள் நினைத்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1937இல், டால்டா சந்தைக்கு வந்தது. அது சாதியை ஒழிக்க வரவில்லை, லாபத்துக்கு வந்த கம்பெனிச் சரக்கு. ஆனாலும் நெய் வாங்க முடியாத வீடுகளில் பண்டிகைப் பலகாரம் அதனால்தான் மணத்தது. அந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு அதுவே ருசியானது.

"அப்படியானால் டால்டா நல்லதா?" என்று கேட்பீர்கள். இல்லை. பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெயில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு. இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் அளவு 2021இல் 3 விழுக்காடாகவும், 2022 முதல் 2 விழுக்காடாகவும் கட்டுப்படுத்தப்பட்டது. இந்த விதி எல்லாப் பேக்கரிக்கும் போய்ச் சேர்கிறதா என்று அரசைக் கேளுங்கள். மலிவான பண்டத்தில் என்ன கலக்கிறாய் என்று கம்பெனியைக் கேளுங்கள். உடல்நலக் கேள்வி நம்முடைய கேள்விதான். ஏழைகள்தான் அதை அதிகம் கேட்க வேண்டும்.

ஆனால் அந்த நண்பர் கேட்டது உடல்நலக் கேள்வி அல்ல. அவரே இன்று காபி ஷாப்பில் 'வீகன் கிரீம்' கேட்டு வாங்குகிறார். அதுவும் தாவரக் கொழுப்பை அடித்து நுரைத்ததுதான். விலை ஏறி, பெயர் மாறியதும் ரசனை ஆகிவிட்டது. பால் இல்லாத கிரீம் நமக்கென்ன புதிதா? ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிந்து ஊற்றுகிறவர்கள்தானே நாம்!

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். யாராவது கேக் நீட்டும்போது பிடிக்கவில்லை என்றால், "எனக்கு வேண்டாம்" என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. "எங்க வீட்ல நெய்தான்" என்று சொல்லாதீர்கள். வேறு யாராவது அப்படிச் சொன்னால், அன்று நான் சிரித்த மாதிரி நீங்களும் சிரித்துவிடாதீர்கள்.

ஜெய்பீம்!