புண் காயும்வரை காத்திருக்க வேண்டாம்

மாளிகாவத்தைக் கூட்டத்தில் ஆற்றிய உரை



தோட்டத்தை விட்டுக் கொழும்பில் வேலை செய்யும் நாம், பெண்ணுறுப்பில் கொப்புளம் வந்தால் வெட்கத்தில் மறைக்கிறோம். ஹெர்பீஸ் கிருமியா என்றறிய, புண் பச்சையாக இருக்கும்போதே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்க வேண்டும். காய்ந்தபின் போனால் கிருமி அகப்படாமல் போகலாம்.

கிட்டத்தில், கொழும்பு 10 டி சேரம் பிளேஸில் அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது. இலவசம், இரகசியம் காப்பார்கள். நுவரெலியா, பதுளையிலும் உண்டு.

கிருமி உடம்பில் தங்கிவிடும். அசிக்ளோவிர் மாத்திரை புண்ணைச் சீக்கிரம் ஆற்றும். வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்தும் வெளிப்படும். ஆகவே யாரால் வந்ததென்று வீட்டில் சண்டை வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவமாதிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து.

கிளினிக் போன நாளுக்குச் சம்பளம் வெட்டினால் சங்கத்துக்கு வாருங்கள். என்ன வருத்தம் என்று நாங்கள் கேட்கமாட்டோம்.