தீச்சுடர் தரும் குளிர்

நெருப்பை மூட்டிக் குளிரைப் பெறலாம் என்றால் நம்புவோர் அரியர். ஆயினும் மின்கம்பி எட்டாத காலத்துத் தேயிலைத் தோட்ட பங்களாக்களில் வெண்ணெயும் இறைச்சியும் கெடாதிருந்தது, குளிர்சாதனப் பெட்டியின் அடியில் எரிந்த மண்ணெண்ணெய் விளக்கினாலேயே ஆகும். ஸ்டொக்ஹோம் நகரில் பயின்ற பிளாட்டன், முன்டர்ஸ் என்னும் இரு மாணவர் 1922ஆம் ஆண்டில் வகுத்த பொறி அது.

அப்பெட்டியில் மோட்டார் இல்லை; ஓசையும் இல்லை. நீரில் கரைந்துள்ள அமோனியாவை வெப்பம் ஆவியாக்கி மேலே அனுப்புகிறது. அது பின்புறக் குழாயில் குளிர்ந்து திரவமாகி, உள்ளே ஐதரசனுடன் கலந்து மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. பின்னர் நீர் அதனை உறிஞ்சிக்கொள்ள, சுற்று மறுபடி தொடங்குகிறது. வேண்டுவது வெப்பம் ஒன்றே. ஆதலின் இன்று பயண வண்டிகளுக்கென விற்கப்படும் இவ்வகைப் பெட்டிகள் காஸிலும் இயங்கும், மின்சாரத்திலும் இயங்கும்.

எது சிக்கனம்? ஏறத்தாழ 100 லீற்றர் கொள்ளும் பெட்டிக்கு நாளொன்றுக்கு 270 கிராம் காஸ் போதும், 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று ஆறு வாரம் வரும். அதே பெட்டியை மின்சாரத்தில் ஓட்டினால் இரண்டரை அலகு செலவாகும். மோட்டார் பூட்டிய சாதாரணப் பெட்டிக்கோ அதே அளவுக்கு ஒரு அலகும் வேண்டியதில்லை. ஆகவே மின்சாரம் குறைவின்றிக் கிடைக்கும் வீட்டில் இப்பெட்டியை மின்சாரத்தில் ஓட்டுவது வீண் செலவே. கம்பி எட்டாத இடத்திலும், கம்பி இருந்தும் மின்சாரம் வராத நாளிலுமே இதற்கு வேலை.

அத்தகைய நாட்கள் தலவாக்கலைக்கும் புதியனவல்ல. இவ்வூரில் அணைகட்டித் தேக்கிய நீரால் இயங்கும் 150 மெகாவாற்று மேல் கொத்மலை மின்நிலையம் 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. எனினும் 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. காஸ் சிலிண்டருக்கும் அந்நாட்களில் நீண்ட வரிசைதான். ஒன்றை மட்டுமே நம்பியிருந்தோர் பட்ட பாடு சொல்லி முடியாது!

மலைநாட்டில் இப்பெட்டிக்கு முதற்பகை சரிவு. உள்ளே திரவம் தன் பாரத்தினாலேயே வடிந்து ஓடவேண்டும். பெட்டி சாய்ந்தால் அது குழாயில் தேங்கிவிடும். அடியில் வெப்பமோ ஏறிக்கொண்டேயிருக்கும். சில காலத்தில் குழாய் அடைபட்டுப் பெட்டி பயனற்றுப்போகும். சமதரை அரிதான இடத்தில் கால்களுக்குக் கட்டை கொடுத்து, மட்டப்பலகை வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. பின்புறத்தில் காற்றோட்டமும் வேண்டும். குளிர் நிறைந்த இவ்வூர்க் காற்று அங்கே பெரிய உதவி.

சுடர் நீலமாக எரிதல் வேண்டும். மஞ்சளாக எரிந்தால் புகைக்கரி படிந்து குளிர் குறையும். நஞ்சுக் காற்றான கரியோரொட்சைட்டும் எழும். புகைபோக்கியை வெளியே விடாமல், சன்னல் அடைத்த அறையில் எரிப்பது உயிருக்கே ஆபத்து. உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் சுடரும் தளரும். ஏறத்தாழ 1,200 மீற்றரில் உள்ள தலவாக்கலையில் இது பெருந்தொல்லை அன்று. 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில், மின்சாரம் உள்ளபோது அதனையே கொள்வது நன்று.

இன்சுலின் வைத்திருக்கும் வீட்டார் மற்றொன்றும் கருதவேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருத்தல் வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. இவ்வகைப் பெட்டி குளிர்வதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். மின்தடை அறிவிக்கப்பட்டால் முதல் நாள் இரவே மின்சாரத்தில் குளிரவைத்து, தடை தொடங்கும்போது காஸுக்கு மாற்றி, மருந்தினருகே ஒரு வெப்பமானியையும் வைத்துக் கொள்ளலாம்.