முதல் 24 மணி நேரம்
(முன்னாள் மாணவர் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

குற்றம் செய்ததாகப் பிடிபடும் சிறுவர்களைக் கையாளும் காவலர்களுக்கும் இல்லப் பணியாளர்களுக்கும் பயிற்சி தரும் ஒரு சிறிய சங்கத்தில், மூன்று ஆண்டுகளாக நான் நிர்வாகக் குழு உறுப்பினர். "மெக்கானிக்கல் படிச்சவனுக்கு அங்க என்னப்பா வேலை?" என்று ஹாஸ்டல் நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சிறுவர்களுக்கென்று இந்திய மாகாணங்களில் முதன்முதலாகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம், ஆண்டு 1920. இன்று நடைமுறையில் இருப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன்படி, 18 வயது நிரம்பாத ஒரு பையனைப் பிடித்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். லாக்கப் கூடாது, சிறையும் கூடாது. குழுமத்தில் ஒரு மாஜிஸ்ட்ரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள். உயர்ந்த மேடையோ, சாட்சிக் கூண்டோ அங்கே இருக்கக் கூடாது என்பது விதி.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குச் செல்போன் திருடியதாகப் பிடிபட்ட பையன் பார்ப்பது சட்டப் புத்தகத்தை அல்ல. டியூட்டியில் இருக்கும் ஏட்டைத்தான். அந்த ஏட்டுக்கு என்ன தெரியுமோ அதுதான் அன்றைக்கு அவனுக்குச் சட்டம்!

எங்கள் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. ஒரு காவலரைத் தாழ்வான ஸ்டூலில் உட்கார வைத்து, நாலு பேர் சுற்றி நின்று ஒரே நேரத்தில் பேரு என்ன, அப்பா எங்கே, யாரு சொல்லிக் கொடுத்தா என்று கேட்பார்கள். இரண்டே நிமிடத்தில் எழுந்து, "மூச்சு முட்டுது சார்" என்றார் ஒருவர். அதற்கு மேல் நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி இன்ஜினியர் வேலைக்கு வருகிறேன். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒரு குழந்தை நலக் காவல் அலுவலர் இருக்க வேண்டும். அவருக்குப் பயிற்சி கொடுப்போம். பிறகு அவருக்கு டிரான்ஸ்ஃபர் வரும். வந்து உட்காருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு தடவை கிரீஸ் போட்டுவிட்டு மெஷின் பத்து வருஷம் ஓடும் என்று நம்மில் யாராவது எதிர்பார்ப்போமா?

ஆகவே ஒரு ரிஜிஸ்டர் வேண்டும் என்றேன். நிலையம், பயிற்சி பெற்றவர், மாறிப்போன தேதி, அடுத்தவர் பயிற்சி பெற்ற தேதி, இவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு பெரிய விழா நடத்திச் சான்றிதழ் கொடுப்பதற்குப் பதிலாக, அதே பணத்தில் நாலு சின்ன வகுப்புகள் நடத்தலாம் என்றும் சொன்னேன். "விழா நடத்தலேன்னா நன்கொடை யார் தருவாங்க?" என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு கூட்டங்கள் வாக்குவாதத்திலேயே போயின. கடைசியில் வகுப்புகள் ஜெயித்தன, நன்கொடை குறைந்தது. இன்றும் வரவுசெலவைச் சரிக்கட்டத் திண்டாடுகிறோம்.

தம்பி, தங்கைகளே! குழுமத்தில் சமூக சேவகராக அமர, குழந்தைகள் நலப் பணியில் ஏழு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். இப்போதே ஆரம்பியுங்கள். தொழிற்சாலை நடத்தும் நண்பர்களே! இல்லத்திலிருந்து வெளியே வரும் பையனுக்கு ஒரு வெல்டிங் பட்டறையின் கதவையாவது திறந்து விடுங்கள். எங்கள் பயிற்சியெல்லாம் அவனுடைய முதல் நாளுக்குத்தான். அதற்குப் பிறகு வரும் நாட்கள் உங்கள் கையில் இருக்கின்றன.