சட்டம் வீட்டு வாசல் வரைதான் வரும்

(பெண்கள் ஐக்கிய ஞாயிறு ஆராதனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெண்களின் உரிமையைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஐக்கியத்தில் கேட்டுக்கொண்டார்கள். நான் பிரசங்கி அல்ல. தமிழ்நாட்டில் படித்து, இங்கே வந்து மறுபடியும் பயிற்சி எடுத்து வேலையில் சேர்ந்த ஒரு நர்ஸ். ஆகவே வேலையில் காண்கிறதையும், இந்த நாட்டுச் சட்டம் நமக்குத் தருகிறதையும் மட்டும் சொல்கிறேன்.

எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளைப் பற்றி வாசிக்கிறோம். தகப்பன் இறந்துபோனார், ஆண் பிள்ளை இல்லை. அந்த ஐந்து பேரும் ஆசரிப்புக் கூடார வாசலில், மோசேக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக நின்று, எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். மோசே அவர்களை அதட்டி அனுப்பவில்லை. அவர்கள் வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்டது நியாயம் என்றாயிற்று. பின்வரும் பெண்களுக்கும் அது பிரமாணமாயிற்று.

நாம் வாழும் இந்த நாட்டிலும் அப்படித்தான் நடந்தது. பத்து டாலர் நோட்டில் இருக்கும் கேட் ஷெப்பர்ட், கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தில் உழைத்தவர். 1893-இல் ஏறக்குறைய 32,000 பேர் கையெழுத்திட்ட மனுக்கள் பாராளுமன்றத்துக்குப் போயின. அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று பெண்களுக்கு வாக்குரிமை சட்டமாயிற்று. தன்னாட்சி பெற்ற நாடுகளில் இதுவே முதலாவது.

இனி நம் காலத்துச் சட்டங்களுக்கு வருவோம். குடும்ப வன்முறைச் சட்டம் 2018, அடுத்த ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிப்பது மட்டும் வன்முறை என்று அது சொல்லவில்லை. கைச்செலவுக்குப் பணம் தராமல் வைப்பது, வேலைக்கோ படிப்புக்கோ போக விடாமல் தடுப்பது, மிரட்டி அடக்கி வைப்பது எல்லாம் அதில் அடங்கும். வரதட்சணையை முன்னிட்டு நடக்கும் கொடுமையும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது; ஆனாலும் எத்தனை சவரன் என்ற கேள்வி நம்மோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

இன்னொரு சட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட ஊழியருக்கு ஆண்டுக்கு 10 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பொதுவாக ஆறு மாதம் வேலை செய்திருந்தால் போதும். வீடு மாற, வக்கீலைப் பார்க்க, பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்க அந்த நாட்கள் உதவும். இதற்கான மசோதாவைக் கொண்டுவந்த ஜேன் லோகி, முன்பு பெண்கள் காப்பகப் பணியில் இருந்தவர். அது 63-க்கு 57 என்ற வாக்கில்தான் நிறைவேறியது.

இவ்வளவு இருந்தும், ஆஸ்பத்திரிக்கு வருகிற நம் பெண்கள் என்ன சொல்கிறார்கள்? "படியில வழுக்கிட்டேன் சிஸ்டர்." இங்கே 16 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம், "வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா?" என்று தனியாகக் கேட்பது எங்கள் வேலையின் ஒரு பகுதி. யார்மேலும் சந்தேகப்பட்டு அல்ல, வழக்கமாகவே கேட்கிறோம். ஆகவே நர்ஸ் உங்களைச் சற்று வெளியே இருக்கச் சொன்னால், சகோதரர்களே, கோபப்படாதீர்கள். ஆங்கிலம் வராத பெண்ணுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை 1996 முதல் உண்டு. கணவரோ மாமியாரோ மொழிபெயர்த்தால் அவள் எப்படி வாய் திறப்பாள்?

வாய் திறக்காததற்குப் பெரிய காரணம் விசா. "புகார் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டப்படுகிறாள். கணவர் குடிமகனாகவோ ரெசிடென்ட் விசா உள்ளவராகவோ இருந்து, வன்முறையால் குடும்பம் பிரிந்தால், அவள் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கத் தனி விசா வழி இருக்கிறது. விசா விதிகள் மாறக்கூடியவை. கம்யூனிட்டி லா மையத்தில் இலவசமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பாதுகாப்பு உத்தரவு கேட்டுக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகவும் கட்டணம் இல்லை. ஆபத்து என்று போலீஸ் கருதினால், மிரட்டியவரை 10 நாள் வரை வீட்டைவிட்டு விலகியிருக்க உத்தரவிடலாம்.

இரண்டாவது காரணத்தைச் சபையில் சொல்லத்தான் வேண்டும். "சபையில் என்ன நினைப்பார்கள்?" என்ற பயம் அது. "கொஞ்சம் பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணுவோம்" என்று நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அடிபடுகிறவளுக்கு அது கதவைச் சாத்துவதுபோல் கேட்கும். ஜெபிப்போம், அதோடு அவளுக்காகப் போனையும் கையில் எடுப்போம்.

சட்டம் வீட்டு வாசல் வரைதான் வரும். அங்கிருந்து உள்ளே இருக்கிறவளிடம் போய்ச் சேர ஒரு மனுஷர் வேண்டும். இந்த ஆண்டு விழாவில் நம் சபைக்கு நான்கு விண்ணப்பங்கள் வைக்கிறேன்.

ஒன்று: கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பஞ்சாயத்து பேசாதிருப்போம். அவளிடம் தனியாகக் கேட்போம். கேட்டதை வெளியே சொல்லாதிருப்போம்.

இரண்டு: உதவி எண்களைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுவோம். யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளும் இடம் அதுதான்.

மூன்று: புதிதாக வரும் மருமகள்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்போம், தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க உடன் போவோம். பிளாட் புஷ்ஷில் கார் ஓட்டத் தெரியாதவளுக்கு ஆர்மிஸ்டன் கடைக்குப் போவதற்கும் ஒருவர் தயவு வேண்டும்.

நான்கு: அன்பின் விருந்து முடிந்ததும் பாத்திரம் கழுவ வாலிபப் பையன்களும் வரட்டும். தகப்பன்மார் முதலில் வந்தால் பையன்கள் தாமாக வருவார்கள்.

குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 111. ஆசியப் பெண்கள் உள்ளிட்டோருக்காக 1995-இல் ஆக்லாந்தில் தொடங்கிய ஷக்தி அமைப்பு: 0800 742 584. விமன்ஸ் ரெஃப்யூஜ்: 0800 733 843. இரவிலும் பேசலாம்.

அந்த ஐந்து சகோதரிகளும் சபையார் முன்பாகத் துணிந்து நின்றார்கள், அவர்களைக் கேட்க ஆள் இருந்தது. நம்மிடம் வருகிற பெண்ணையும் கேட்கிற காதுகளைத் தேவன் நமக்குத் தருவாராக. ஆமென்.